கொக்கானும் கொப்பியும்: பிள்ளைகளின் படிப்பில் விளையாட்டுக்கும் ஒப்புரவுக்கும் என்ன வேலை?

கொக்கான் வெட்டி விளையாடியவர்களுக்கு நான்கு என்ற எண்ணை யாரும் விளக்கத் தேவையில்லை. ஐந்து கல் போதும். ஒன்றை மேலே எறிந்து, அது திரும்பக் கைக்கு வருவதற்குள் நிலத்தில் கிடப்பவற்றை அள்ள வேண்டும். முதற்சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்ததில் இரண்டிரண்டாக, அதற்கடுத்ததில் மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே அள்ளாக. ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம், சேர்க்கலாம் என்று தரம் 1இல் ஆசிரியர் வட்டம் கீறிக் காட்டுவது இதைத்தான். விறாந்தையில் சப்பாணி கட்டியிருக்கும் பிள்ளைக்கு அது கணக்கு என்று தெரியாது. தெரியாததால்தான் அலுக்காமல் ஐம்பது தரம் செய்கிறது.

பேத்தியைக் கூட்டிவர நான் முன்பள்ளிப் படலையடியில் நிற்பதுண்டு. அங்கே அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்று இருக்கிறது. “ரீச்சர், ஏடு தொடக்கி வருசமாகுது, நேசரிக்கு வந்து ஆறு மாசம். இன்னும் ‘அ’ எழுதத் தெரியேல்லை. இஞ்ச மண்ணைத்தானே கிண்டி விளையாடுது?” ரீச்சர் சிரித்துச் சமாளிப்பார். பன்னிரண்டு பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைத் தேடிக்கொண்டிருக்கிறவருக்கு அந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்? அவர் நின்று சொல்லியிருக்கக்கூடிய பதிலை ஆறுதலாக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டி. இல்லம் சோடிப்பது, அணிநடை, ஓட்டம், வெற்றிக் கேடயம். அது நல்லது, இருக்கட்டும். ஆனால் நான் சொல்லும் விளையாட்டு அதுவல்ல. போட்டியில் ஓடுவது சிலர், கைதட்டுவது பலர். யார் ஓடலாம், எங்கே தொடங்கலாம், எப்போது நிறுத்தலாம் எல்லாம் பெரியவர்கள் கையில். விளையாட்டில் அவை பிள்ளையின் கையில் இருக்கும். சிரட்டையில் மண்சோறு காய்ச்சும் பிள்ளை, பூவரசம் இலையைக் காசாக்கிக் கடை நடத்தும் பிள்ளை, பனங்காய் வண்டில் உருட்டிக்கொண்டு பஸ் ஓட்டும் பிள்ளை, இவர்களுக்குப் பரிசு இல்லை, புள்ளி இல்லை. விதியைத் தாங்களே வைப்பார்கள், பாதியில் மாற்றுவார்கள், அலுத்தால் விட்டுவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற நடுவழி ஒன்றும் உண்டு. ஆசிரியர் களத்தை அமைப்பார், பொருட்களை வைப்பார், அங்கங்கே ஒரு கேள்வி போடுவார், ஆட்டத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவார். வழிகாட்டப்பட்ட விளையாட்டு என்பது இதுதான். இது வெளிநாட்டுப் புதுமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1990களின் இறுதியில் இலங்கையில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே தரம் 1, 2இல் விளையாட்டுக்கு முதலிடம், செயற்பாட்டுக்கு இரண்டாமிடம், மேசையில் இருந்து எழுதும் வேலைக்குக் கடைசி இடம் என்று பிரித்திருந்தது. தரம் 3, 4இல் மூன்றும் சமம். தரம் 5இல்தான் எழுத்து வேலை முன்னுக்கு வரும். கடதாசியில் இவ்வளவு தெளிவாக இருந்தது, தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 3க்கே நீண்டதும் தலைகீழாகிவிட்டது.

சரி, மண்ணைக் கிண்டுவதால் என்ன வரும்?

கையிலிருந்து தொடங்குவோம். நமது மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்புகளே அல்ல, குருத்தெலும்புகள். வருடத்துக்கு ஒன்றாக என்று சொல்லும்படி மெல்ல மெல்ல இறுகி, எட்டாவதும் எலும்பாக ஒன்பது பத்து வயதாவது ஆகிவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு கோட்டுக் கொப்பியில் ‘அ’வை வளைக்கச் சொல்வது, அரைவாசி கட்டிய வீட்டுக்கு ஓடு வேய்கிற மாதிரி. மண் பிசைவது, தண்ணீரை ஊற்றி நிரப்புவது, மஞ்சாடிக்கொட்டை பொறுக்குவது, பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்வது எல்லாம் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கொடுக்கின்றன. எழுத்து அதன்மேல் வந்து உட்காரும்.

கை மட்டுமல்ல. கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் தட்டுகளாகக் கட்டம் கீறி, ஒரு பக்கத்தார் கோடுகளில் நின்று மறிக்க, மற்றப் பக்கத்தார் தொடுபடாமல் கடந்து போகும் ஆட்டம் அது; மறிப்பவர்களின் தலைவர்தான் கிளி. கோட்டில் நிற்பவர் கோட்டை விட்டு இறங்கக் கூடாது, எவ்வளவு ஆசை வந்தாலும். உள்ளே நுழைபவர், கிளி எந்தப் பக்கம் நிற்கிறது, தன் ஆட்கள் எந்தத் தட்டில் அகப்பட்டிருக்கிறார்கள் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். கிளி திரும்பினால் போட்ட திட்டத்தை அந்த நொடியே மாற்ற வேண்டும். ஆசையை அடக்குவது, நினைவில் வைத்திருப்பது, திட்டத்தை மாற்றுவது, இந்த மூன்றையும் மூளையின் நிர்வாக வேலைகள் என்று உளவியலாளர் சொல்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கடைசி வரை கேட்பதற்கும், கணக்கில் பிழைத்தால் வேறு வழியில் போட்டுப் பார்ப்பதற்கும் வேண்டியவை இந்த மூன்றும்தான்.

சோவியத் நாட்டில் 1940களில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஆய்வாளரின் பெயர் மனுய்லென்கோ. சிறு பிள்ளைகளை ஆடாமல் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். சும்மா நில் என்றபோது கொஞ்ச நேரத்தில் நெளியத் தொடங்கினார்கள். நீதான் காவற்காரன் என்று விளையாட்டுக்குள் ஒரு வேடம் கொடுத்தபோது அதே பிள்ளைகள் அதைவிட எவ்வளவோ நேரம் அசையாமல் நின்றார்கள். விளையாடும் பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று அந்நாட்டு உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி அதற்கு முன்பே சொல்லியிருந்தார். ஆசிரியர் வேடம் போட்டுச் சிரட்டைகளுக்குப் பாடம் எடுக்கும் நாலு வயதுக் குழப்படிகாரியைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை.

அடுத்த சொல்லுக்கு வருவோம்: ஒப்புரவு

சமத்துவம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு. ஒப்புரவு என்றால் அவரவர் நிலைமை பார்த்து, எல்லாரும் ஆட்டத்துக்குள் நிற்கக்கூடிய அளவு. இதைப் படித்தவர்களுக்கு விளக்கத்தான் கனநேரம் எடுக்கும். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும், ஏனென்றால் ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும்போது அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். பத்து வயது அண்ணாக்களோடு ஐந்து வயதுத் தம்பியும் மட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். விட்டுவிட்டு விளையாடினால் அழுதுகொண்டு அம்மாவிடம் போவான். எல்லாருக்கும் போடும் வேகத்தில் போட்டால் முதற்பந்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். அதனால், “சின்னனுக்கு மெதுவாப் போடு, முதல் பந்துக்கு அவுட் இல்லை” என்று ஒரு விதி அங்கேயே பிறக்கிறது. யாரும் அதை அநியாயம் என்று சொல்வதில்லை. ஆனால் பெரியவன் ஒருவன் அதே சலுகையைக் கேட்டால், “அளாப்பாதை!” என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். யாருக்குச் சலுகை நியாயம், யாருக்கு அளாப்பல் என்று பிரித்துப் பார்க்கும் அந்தக் கண் நமது கல்வித் திட்டங்களுக்கு இருந்தால் நன்றாக இருக்கும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நமது நாட்டில் சமத்துவம் ஓரளவுக்கு இருக்கிறது. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இலிருந்து பாடப்புத்தகம் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். சிறிய விடயங்களா இவை? இல்லை. என் தலைமுறை படித்தெழும்பியது இலவசக் கல்வியால்தான். ஆனால் ஒரே புத்தகம், ஒரே சீருடை, ஒரே பரீட்சைத்தாள் என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வெளியிலிருந்து போகும் ஆசிரியர் குறிகட்டுவானில் படகேறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். காற்றடித்தால் அதுவும் நிச்சயமில்லை. யாழ் நகரத்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் அதற்கு மேல் இரண்டு ரியூசனும் நடந்து போகும் தூரத்தில். நெடுந்தீவுப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் புலமைப்பரிசிலுக்கு எழுதுவது ஒரே நாளில், ஒரே தாள். தெரிவாவதற்கு எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளியை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாக வைக்கிறார்கள். அதுவும் ஒருவகை ஒப்புரவு முயற்சிதான். ஆனால் நெடுந்தீவும் யாழ் நகரமும் ஒரே மாவட்டம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சு புதியதல்ல. நூறு வருடங்களுக்கு முன் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பல பள்ளிக்கூடங்கள் சேர்க்கவில்லை. சேர்த்த இடங்களிலும் வாங்கில் இருத்தாமல் நிலத்தில் இருத்தினார்கள். அரச உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாருக்கும் சம ஆசனம் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தபோது, பொறுக்க முடியாதவர்கள் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீயே வைத்தார்கள். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பிறகு வாலிபர் காங்கிரஸான அமைப்பு, தீண்டாமைக்கு எதிராக நின்றது. வாங்குப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் வாங்கில் பக்கத்தில் இருத்த உத்தரவு போடலாம், இடைவேளைக்கு மணியடித்ததும் யார் யாரைக் கிளித்தட்டுக்குச் சேர்க்கிறார்கள் என்பதற்கு உத்தரவு போட முடியாது. ஒரு வகுப்பில் ஒப்புரவு இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் வரவுப் பதிவேட்டைப் புரட்டாதீர்கள். இடைவேளையில் போய் மதிலோரம் யார் தனியே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 1987இல் ஒரு வேலை தொடங்கினார்கள். வறிய குடும்பங்களில், ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். எல்லாரும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மணித்தியாலம், உள்ளூர்ச் சுகாதார ஊழியர் ஒருவர் போவார். போய்ப் பாடம் எடுப்பதில்லை. வீட்டில் கிடக்கும் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துத் தாயும் பிள்ளையும் விளையாடப் பழக்குவார், பேசிப் பேசி விளையாடச் சொல்லுவார். இப்படி இரண்டு வருடம். அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஊட்டக்குறைவு இல்லாமல் வளர்ந்த அயற்பிள்ளைகளின் வருமானத்தை அவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம் 25 என்ற எண் அல்ல. விளையாட்டு என்பது வசதியான பிள்ளைக்குக் கிடைக்கும் மிச்சச் சொகுசு, வறிய பிள்ளை முதலில் எழுத்தைப் படிக்கட்டும் என்ற நமது நினைப்பை அது அப்படியே கவிழ்த்துவிடுகிறது. பிள்ளைக்கு வீட்டில் எது குறைவோ, அதைத்தான் பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டும். அந்தக் குறைவு வீட்டுக்கு வீடு வேறு.

நகரத்துப் பிள்ளைக்கு அறை நிறைய பிளாஸ்ரிக் சாமான், ஆனால் நேரம் இல்லை. விடிய வகுப்பு, பின்னேரம் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. கரையோரக் கிராமத்துப் பிள்ளைக்கு நேரம் இருக்கிறது என்று நாம் நினைப்போம். அங்கே அம்மா வேலைக்குப் போக, எட்டு வயது அக்காவின் இடுப்பில் தம்பி இருப்பான். அவள் விளையாடுவதைத் தம்பி பார்ப்பதில்லை, அவள்தான் தம்பியைப் பார்க்கிறாள். கொஞ்சம் வளர்ந்ததும், “பெம்பிளைப் பிள்ளை, என்ன துள்ளல்?” என்று முற்றத்துக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். கால் ஏலாத பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்திருப்பார்கள், உடற்கல்விப் பாடவேளையில் மட்டும் அது மரநிழலில் எல்லாருடைய சப்பாத்துக்கும் காவல். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக விளையாட்டு மறுக்கப்படுகிறது.

போர் செய்ததும் இதில் சேரும். என் மகள் சின்னவளாக இருந்த காலத்தில் நான் அவளுக்கு அதிகமாகச் சொன்ன புத்திமதி, “வெறும் வளவுக்குள்ள இறங்காதை” என்பதுதான். மிதிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்ற வளவுகள், பலகை இல்லாமலே பயந்த வளவுகள். நிலத்தில் கிடக்கும் எதையும் தொடக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளே இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். மண்ணைக் கிண்டினால் அவர்களுக்குப் பதகளிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்பது சர்வதேச ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை அது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் உறுப்புரையைக் காட்டி யாரும் பிள்ளையை விளையாட விட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே கைக்கெட்டியதைப் பேசுவோம்.

முதலாவது, முன்பள்ளி. இலவசக் கல்வி தரம் 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடத்தை இங்கே சனசமூக நிலையங்களும் கோயில்களும் தேவாலயங்களும் தனியாரும் தாங்குகிறார்கள். பல ஆசிரியர்களுக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்ல முடியாத சிறு கொடுப்பனவு. பிள்ளையின் வளர்ச்சிக்கு எந்தக் காலம் முக்கியமோ அந்தக் காலத்துக்குத்தான் பெற்றோர் மாதக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. கட்டுகிறவர்கள், கட்டிய காசுக்குக் கொப்பியில் எழுத்தைத் தேடுகிறார்கள். குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் முன்பள்ளி தேடும்போது, “என்ன எழுதப் பழக்குவீங்கள்?” என்று கேட்பதோடு, “ஒரு நாளில எவ்வளவு நேரம் விளையாட விடுவீங்கள்?” என்றும் கேளுங்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் ரீச்சருக்கு மண்ணை ஒளிக்க வேண்டிய தேவை வராது.

இரண்டாவது, செலவு. முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்துக்கு ஒரு தேசிக்காய் போதும். வினோத உடைக்கு? நான் பார்த்த ஒரு போட்டியில் வாடகை உடுப்பில், பவுடரும் கிரீடமுமாக வந்த மூன்று பிள்ளைகளுக்குப் பரிசு. பழைய சாறத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு மண்வெட்டியோடு கமக்காரனாக வந்தவனுக்கு ஒன்றுமில்லை. நடுவர்கள் மனம் கெட்டவர்கள் அல்ல, அவர்கள் உடுப்பைப் பார்த்துப் புள்ளி போட்டார்கள். வீட்டில் கிடப்பதைக் கொண்டுதான் வேடம் போட வேண்டும், அதுவும் பிள்ளைகளே முன்பள்ளியில் வைத்துச் செய்ய வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தால் அன்றைக்கு விளையாட்டும் நடந்திருக்கும், ஒப்புரவும் நடந்திருக்கும். எனக்கென்னவோ அந்தக் கமக்காரன்தான் உண்மையில் வேடம் போட்டு விளையாடினான் என்று பட்டது.

மூன்றாவது, தண்டனை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை இடைவேளையில் வகுப்பிலே இருத்தி எழுத வைப்பது பல இடங்களில் வழக்கம். வீட்டுப்பாடம் செய்யாமல் வருவது பெரும்பாலும் யார்? மேசை இல்லாத, உதவ ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளை. வீட்டில் குறைந்ததற்காகப் பள்ளிக்கூடத்திலும் குறைக்கிறோம். ஆசிரியர்கள் பாடத்திட்டத்தை முடிக்கப் படும் பாடு எனக்குத் தெரியும். எழுத வேறு நேரம் கொடுக்கலாம், உதவிக்கு ஒரு கூட்டாளியைப் பக்கத்தில் இருத்தலாம். இடைவேளையைத் தொடாதீர்கள்.

புலமைப்பரிசில் பற்றிக் கேட்பீர்கள். விளையாடினால் வெட்டுப்புள்ளி வருமா என்று. நேர்மையாகச் சொன்னால், தரம் 5இல் கடைசி மாதங்களில் பயிற்சித்தாள் செய்யத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நாடு முழுக்க மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் பரீட்சை அது. வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமும் உதவிப் பணமும் கிடைக்கட்டும் என்று வந்த ஏற்பாடு, காசு கொடுத்து ரியூசனுக்குப் போகக்கூடியவர்களின் ஓட்டப்பந்தயமாகிவிட்டது வேறு கதை. என் எதிர்ப்பு, அந்தக் கடைசி மாதங்களை ஐந்து வயதுக்கே இழுத்துக்கொண்டு வருவதற்குத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் செலவில்லாத பதில் இருக்கிறது. விலைகூடிய சாமான் எதுவும் வாங்க வேண்டாம். நாலு சிரட்டை, ஒரு வாளி மண், தண்ணீர், ஐந்து கூழாங்கல். அம்மம்மா, அம்மப்பா யாராவது இருந்தால் கொக்கான் வெட்டக் கேளுங்கள்; முழங்கால் நோ என்பார்கள், கல்லைக் கண்டதும் குந்திவிடுவார்கள். பிள்ளை தோற்றால் விதியை மாற்றட்டும். மாற்றிய விதி எல்லாருக்குமா, தனக்கு மட்டுமா என்று மட்டும் கேளுங்கள். மற்றபடி பேசாமல் பக்கத்தில் இருங்கள். போன கிழமை என் பேத்தி கல்லை மேலே எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நான்கையும் அள்ளினாள். அளாப்பல் என்றேன். “நான் சின்னப்பிள்ளை, எனக்கு அப்பிடித்தான். நீங்கள் எறிய வேணும்” என்றாள். எறிந்தேன், கல் தவறிக் காலில் விழுந்தது.